ஊர் நீரும் ஊரவர் சங்கமும்



பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வாழ்கின்ற எங்களுக்கு நீர் என்பது சுவரிலிருந்து வருகின்ற ஒரு பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் லபுகமைக் காட்டிடையே நீர்த்தேக்கம் அமைத்துக் குழாய் வழியே கொழும்புக்கு நீர் கொணர்ந்தார்கள். அன்று தொட்டு, இந்நீரைக் காப்பவர் யார், பங்கிடுபவர் யார் என்ற வினா நகரத்தாரின் நினைவிலிருந்து மெல்ல மறைந்துபோயிற்று. குழாயைத் திறப்பதும், கட்டணச் சீட்டு வந்தால் முணுமுணுப்பதுமே நமது கடமை என்றிருக்கின்றோம்.

ஒரு நாட் காலை நான் குடியிருக்கும் தொடர்மாடியில், மேலேயுள்ள தொட்டிக்கு நீரேற்றும் இயந்திரம் நின்றுவிட்டது. அன்று மாலை குடியிருப்பாளர் கூட்டம் கூடிற்று. பழுதுபார்க்கும் செலவை எல்லா வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வோம் என்று ஒருவர் முன்மொழிந்தார். கீழ்மாடியில் இருப்பவர் எழுந்து, "எனக்குத் தெருக்குழாயின் வேகத்திலேயே தண்ணீர் வருகிறது, மேலே போகிற தண்ணீருக்கு நான் ஏன் காசு தரவேண்டும், மாஸ்டர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சரித்திரம் கற்பித்தவன். அக்கேள்வி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வாய்க்காலின் தலைமடையில் வயல் வைத்திருப்பவன் கடைமடையில் வயல் வைத்திருப்பவனிடம் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியே அது. அதற்கு இந்நாட்டின் ஊரவர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகள் எங்கே நின்று நிலைத்தன, எங்கே தளர்ந்தன என்பதையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

வறண்ட பிரதேசத்துக் கிராமக் குளங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு குளம், அதன்கீழ் ஒரு வயல்வெளி, அதனைச் சார்ந்து ஓர் ஊர். குளக்கட்டு உடைந்தால் ஊர் உடையும். ஆகவே கட்டையும் வாய்க்காலையும் பேணும் வேலை, ஒவ்வொருவனுக்கும் வயலில் எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவுக்கு அளந்து விடப்பட்டது. 'பங்கு' என்ற தமிழ்ச் சொல்லே சிங்களக் கிராமங்களிலும் வழங்கிற்று என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்து நீர்ப்பாசனச் சட்டங்களிலும் 'பங்குப் பட்டியல்' என்றே அது இடம்பெற்றது. இன்னாருக்குக் கட்டில் இத்தனை முழம், வாய்க்காலில் இத்தனை முழம் என்று வரையறுத்திருந்தமையால், "நான் ஏன் செய்யவேண்டும்?" என்று கேட்க அங்கே இடமிருக்கவில்லை.

மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்தார்கள்? குளத்தில் கிடக்கும் சிறு நீர் தலைமடை வயல்களுக்கு மட்டுமே போதும். அவ்வேளையில் தலைமடைக்காரன் தன் வயலைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. குளத்தருகே உள்ள நிலத்தை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் ஊரார் அனைவருக்கும் அவரவர் பங்கின்படி பிரித்துக் கொடுத்தார்கள். கடைமடைக்காரனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. 'பெத்ம' என்று சிங்களத்தில் வழங்கும் இவ்வழக்கத்தைப் பற்றிப் படிக்குந்தோறும் நான் வியப்படைகின்றேன். நீரை வயலுக்குக் கொண்டுபோக முடியாதபோது, உழவனை நீரருகே கொண்டுவந்துவிட்டார்கள்!

1954ஆம் ஆண்டில் எட்மன்ட் லீச் என்ற ஆங்கில மானிடவியல் அறிஞர் வடமத்திய மாகாணத்தில் புல் எலிய என்னும் சிறு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே வாய்க்காலின் குறுக்கே பள்ளங்கள் வெட்டிய ஒரு மரக்கட்டை கிடத்தப்பட்டிருந்ததை அவர் விவரித்துள்ளார். பள்ளத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீர் அந்தப் பங்குக்குப் பாயும். இரவில் காவல் இருந்து மண்வெட்டியால் வரப்பை வெட்டித் திருப்பும் வேலைக்கு அக்கட்டை இடங்கொடுப்பதில்லை. பங்கீடு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே கிடந்தது என்பதுதான் இங்கு முக்கியமானது.

இவற்றையெல்லாம் கேட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று மயங்கிவிடலாகாது. ஊர்க்கட்டுப்பாட்டின் பின்னால் அரசனுடைய அதிகாரம் நின்றது. நிலம் உடையவன் அதற்கீடாக உடலுழைப்புச் செய்யவேண்டும் என்பது இராசகாரிய முறை. பிரித்தானியர் கண்டியைக் கைக்கொண்ட பின்னர் அதே முறையைப் பயன்படுத்தித் தங்கள் பெருந்தெருக்களை வெட்டுவித்தார்கள். அடிமைத்தனத்தை ஒத்த இம்முறையை ஒழிக்கவேண்டும் என்று கோல்புறூக் ஆணைக்குழு விதந்துரைக்க, 1832ஆம் ஆண்டில் அது ஒழிக்கப்பட்டது. நீதியான செயல்தான். ஆனால் அதனோடு சேர்ந்து வேறொன்றும் போயிற்று. குளக்கட்டுக்கு மண் போட வராதவனை வரச் செய்யும் வலிமை ஊரவரிடம் இல்லாமற் போனது. பெருங்குளங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே காடு மூடிக் கிடந்தன. அவற்றின் அழிவுக்கு 1832ஐக் குற்றங் கூறுவது பிழை. கிராமக் குளங்களும் சிறு வாய்க்கால்களுமே இம்மாற்றத்தால் பெரிதும் நலிந்தன. வர மறுப்பவன் ஒருவன் இருந்தால் அடுத்த ஆண்டு இருவர் இருப்பர். பங்கு அளவும் முழ அளவும் வெறும் பேச்சாகிவிடும்.

இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வாட் ஆவார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவர் காலத்தில் இயற்றப்பட்டது. நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம் என்று அதன் தலைப்பே கூறுகின்றது. அரசாங்க அதிபர் வயற் சொந்தக்காரரைக் கூட்டி, உங்கள் ஊர் வழக்கம் யாது என்று கேட்டறிந்து, பெரும்பான்மையோர் இசைந்த விதிகளுக்குச் சட்டத்தின் வலிமையை அளிப்பார். பிணக்குகளை வயற்காரர் சபையே விசாரிக்கும். கச்சேரியில் எழுதப்பட்ட விதியன்று. களத்துமேட்டில் சொல்லப்பட்ட விதி. அயலாராகிய ஆட்சியாளர் இதனைச் செய்தார்கள் என்பதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. நெல் விளைச்சல் பெருகினால் நெல் வரியும் பெருகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதையும் ஒளிக்கவேண்டியதில்லை.

மட்டக்களப்புப் பகுதியில் இம்முறையின் நடுநாயகமாக விளங்கியவர் வட்டைவிதானை. சிங்களப் பகுதிகளில் அவரை 'வெல் விதானை' என்றனர். வயற்காரர் தெரிந்தெடுத்த அவர் வாய்க்கால் திறக்கும் நாளையும், விதைக்கும் நாளையும், வேலி அடைக்கும் நாளையும் அறிவிப்பார். அவருக்குச் சம்பளம் விளைந்த நெல்லில் ஒரு பங்கு. வயல் விளையாவிடில் அவருக்கும் இல்லை. இதைவிட நேரான ஒரு கணக்கை எந்தத் திணைக்களமும் இன்றுவரை கண்டதில்லை என்று நினைக்கின்றேன். ஆயினும் நிலம் மிகுதியாய் உடைய போடியாரின் சொல்லே கூட்டத்தில் ஓங்கி ஒலித்தது. குத்தகைக்குப் பயிரிட்டவனுக்கு நீர் வேண்டும். ஆனால் கூட்டத்தில் குரல் இல்லை.

அக்குறையை நீக்கும் நோக்கோடு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வந்தது. பயிரிடுவோர் வாக்களித்துத் தெரியும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் விதானைமாரின் இடத்தைப் பெற்றன. 1972இல் அவற்றின் பொறுப்புகள் அமைச்சரால் நியமிக்கப்பட்ட குழுக்களுக்குச் சென்றன. சில ஆண்டுகளில் அவையும் கலைந்தன. ஒரு தலைமுறைக்குள்ளே மூன்று முறை பெயரும் ஆளும் மாறினால், வாய்க்காலில் நிற்பவன் யாரிடம் போய் முறையிடுவான்?

இனி நாம் கல்லோயாவுக்குச் செல்வோம். சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்களில் தலைமடைப் பகுதிகளிற் குடியேறியவர் பெரும்பாலும் சிங்களவர். கடற்கரையை நோக்கிய கடைமடைப் பகுதிகளில் இருந்தவர்களிற் பலர் தமிழ் பேசுவோர். எழுபதுகளின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்கள் சீரழிந்து, கதவுகள் உடைந்து, கடைமடைக்கு நீர் போவது அரிதாய்விட்டது. நாட்டிலேயே ஒழுங்கு குன்றிய திட்டங்களுள் ஒன்று என்று அதிகாரிகள் சொன்னார்கள். 1981ஆம் ஆண்டில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பரீட்சையைத் தொடங்கின. வேலையற்றிருந்த இளம் பட்டதாரிகளைப் பயிற்றி, உழவரிடையே தங்கும்படி அனுப்பினார்கள். அவர்கள் சங்கம் அமையுங்கள், தலைவரைத் தெரியுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வாய்க்காலில் என்ன குறை என்று வீடு வீடாகக் கேட்டார்கள். முதலில் வேலை, பின்னர் அமைப்பு. ஒரு வயல் வாய்க்காலை நம்பியிருக்கும் பத்துப் பதினைந்து இருபது பேர் தமக்குள் ஒருவரை, வாக்கெடுப்பின்றி இசைவினால் தெரிந்துகொண்டார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை.

அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் ஏறத்தாழ காற்பங்கே இருந்தது. பரீட்சைக்கு இதைவிடத் தீய காலம் வாய்த்திருக்க முடியாது. ஆனால் நடந்தது வேறு. சில வாரங்களுள் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யாத வாய்க்கால்களை உழவர்கள் தாமே வெட்டித் துலக்கினார்கள். முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த நீரைத் தலைமடைச் சிங்கள உழவர்கள் கடைமடைத் தமிழ் உழவர்களுக்கு இறங்கவிட்டார்கள். 1981 என்ற ஆண்டு இந்நாட்டில் எத்தகையது என்பதை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஆண்டு அது. அவ்வாண்டிலேதான் இந்நீரும் கீழே பாய்ந்தது. இம்முயற்சியில் ஈடுபட்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹோவ் 1992இல் எழுதிய நூலில் இவற்றை விரிவாகக் காணலாம். 1997ஆம் ஆண்டின் கோடையிலும் நீர் போதாது என்று பொறியியலாளர் கையை விரித்தபோது, உழவர் அமைப்புகள் அவர்கள் நெல்லுக்கு இசைந்த பரப்பைப் போலப் பல மடங்கு நிலத்தில் சிக்கனமாய் நீர் பாய்ச்சி விளைவித்துக் காட்டின.

இதுகாறும் வயலுக்குரிய நீரைப் பற்றிப் பேசினேன். குடிநீர் வேறு இயல்பினது. அதற்குப் போகம் இல்லை, நாள்தோறும் வேண்டும். அதைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களோ பழைய வயற் கூட்டங்களில் இடம்பெற்றவர்கள் அல்லர்.

1993இல் உலக வங்கியின் கடனுதவியோடு பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் சமுதாய நீர் வழங்கல் திட்டம் தொடங்கிற்று. அதன் அடிப்படை எளியது. ஊரவர் சங்கம் அமைத்து, கிணறா, மலையூற்றிலிருந்து இறங்கும் குழாயா, மழைநீர்த் தொட்டியா என்பதைத் தாமே தெரிவு செய்யவேண்டும். கட்டுமானச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உடலுழைப்பாகவோ கொடுக்கவேண்டும். கட்டிய பின்னர் நடத்தும் செலவு முழுவதும் அவர்களுடையது. அத்திட்டம் நடந்த காலத்தில் நான் பதுளை மாவட்டத்தில் இளம் ஆசிரியனாயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் வரிசையாய் நின்று மலைச்சரிவிற் குழாய்க்கு அகழி வெட்டியதைக் கண்டிருக்கின்றேன். பழைய பங்குப் பட்டியல் மீண்டும் உயிர்பெற்றது போலிருந்தது. இந்த வீட்டுக்கு இத்தனை அடி, அந்த வீட்டுக்கு இத்தனை அடி என்று கயிற்றால் அளந்து விட்டிருந்தார்கள்.

பின்னர் மாத்தறையிலும் பதுளையிலும் இச்சங்கங்களை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், எந்த ஊரில் மக்கள் திட்டத்தின் அமைப்பைத் தாமே முடிவு செய்து கட்டுமானத்தையும் மேற்பார்த்தார்களோ, அங்கே நீர் வழங்கல் சிறந்திருந்தது என்று கண்டார்கள். கையொப்பம் மட்டும் இட்ட ஊர்களில் அப்படியில்லை. உலகின் பிற பாகங்களிலும் செய்தி ஏறக்குறைய இதுவே. பொலிவியா, பெரு, கானா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 400 கிராமங்களை நேரிற் சென்று பார்த்த ஆய்வாளர் குழுவொன்றின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. மிகப் பெரும்பாலான கிராமங்களில் குழாயும் பம்பியும் வேலை செய்துகொண்டிருந்தன. ஆபிரிக்காவின் பல பாகங்களில் கைப்பம்பிகளில் மூன்றில் ஒன்று பழுதாய்க் கிடந்தது என்ற கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய செய்தி. ஆனால் அதே ஆய்வு ஒரு குறையையும் காட்டிற்று: மக்கள் கொடுக்கும் மாதக் கட்டணம் அன்றாடச் செலவுக்கே போதுமாயிருந்தது, பெரும் பழுதுக்கென ஒதுக்கி வைப்பது மிகக் குறைவு.

இங்கும் அப்படித்தான். சங்கத்தின் தலைவர் அயல்வீட்டுக்காரர். கட்டணத்தைக் கூட்டினால் கலியாண வீட்டில் முகங்கொடுக்க முடியாது. ஆகவே தொடக்கத்தில் விதித்த கட்டணமே பல ஆண்டுகள் நிற்கும். மின்சாரக் கட்டணமோ நில்லாது. பதினைந்தாம் ஆண்டில் பம்பி எரிந்துபோகும் நாளில் பெட்டியில் பணம் இராது. ஊரவர் சங்கங்கள் நீரைப் பங்கிடுவதில் தோற்பது அரிது. எதிர்காலத்துக்குச் சேமிப்பதிலேதான் தோற்கின்றன என்பது என் துணிபு.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சோழமன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாடசாலையில் நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம். குடவோலை முறையையே பெரிதாய்ப் பேசுவோம். அங்கே ஏரியைப் பேணுவதற்கு ஏரி வாரியம் என்ற தனிக் குழு இருந்தது; அதன் உறுப்பினர் 360 நாள் மட்டுமே பதவி வகிப்பர்; முன்பு ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரியப்படலாகாது, அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியைக் கெடுப்பது வெள்ளம் மட்டுமன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தொடர்மாடியில் கீழ்மாடிக்காரர் ஈற்றில் அரைப் பங்கு கொடுக்க இசைந்தார். கணக்குப் புத்தகத்தை அவரிடமே ஒப்படைத்தோம். அதன் பின்பு அவரைவிடக் கண்டிப்பாய்க் கட்டணம் வசூலிப்பவர் வேறெவரும் இல்லை.

சங்கத்தின் கைக்கு எட்டாத காரியங்களும் உண்டு. தொண்ணூறுகளில் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் உழவர்களைப் பீடிப்பது தெரியவந்தது. காரணம் பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. குடிநீரின்மீது ஐயம் உண்டு. நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களை நிறுவி, அவற்றில் பலவற்றை ஊர்ச் சங்கங்களின் பொறுப்பில் விட்டார்கள். கமம் செய்யும் ஒருவர் பொருளாளராய் இருந்து காசு வாங்கலாம். மெல்லிய சவ்வு எப்போது பழுதாயிற்று, நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை அவர் எவ்வாறு அறிவார்? மலைநாட்டிலோ மேலேயுள்ள காட்டை எவனோ வெட்ட, ஊற்று வற்றிப்போகும். இத்தகைய வேளைகளில் துணைநிற்பதற்கென 2014இல் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது. சங்கங்களோ நாடெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன. "இது உங்கள் திட்டம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அரசு சொல்வது கேட்க இனிமையாயிருக்கும். 1832இலும் அப்படித்தான் மக்கள் சுதந்திரம் பெற்றார்கள். பின்னால் மதகு உடைந்தபோது கேட்பாரில்லை.

இன்னுமொன்று சொல்லி முடிக்கவேண்டும். ஊரவர் என்போர் யார்? யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் நுணுக்கமாய் எழுதப்பட்டிருப்பதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவோம். அதே கிணறுகளில், ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்டோர் வாளியைத் தொடலாகாது. யாராவது இரங்கி வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். பங்கீடு செவ்வனே நடந்தது, பங்காளருக்குள்ளே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை.

பதுளையில் நான் கண்ட அந்தக் குழாயும் வீதியின் ஒரு புறத்தோடு நின்றது. மறுபுறம் தோட்டத்து லயங்கள். என் மாணவரிற் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். ஊர்ச் சங்கத்தில் அவர்களுடைய பெற்றோர் உறுப்பினர் அல்லர். தோட்டத்து நீர் தோட்ட நிர்வாகத்தின் காரியம் என்றே இரு தரப்பாரும் எண்ணினர். பிரதேச சபைகளும் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட 1987ஆம் ஆண்டின் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டில். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து. அகழி வெட்டிய ஞாயிறுகளில் லயத்துப் பிள்ளைகள் வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி மறுநாள் வகுப்பில் என்னிடம், "அந்தப் பைப் எங்க பக்கம் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள். அன்று நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.